மே மாதக் கல்

இரண்டரை நிமிடம்தான். மெஷினின் பொத்தானை அமுக்கிவிட்டு, வெளியே காத்திருந்த ஒரு நவம்பர் மாதத்துக்காரியை உட்காரவைத்து, நாலு புஷ்பராகத்தை எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குள் என் தங்கச்சியின் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டிருந்தேன்.

நகைக்கடையில் பிறந்த மாதக் கல் பகுதி என்னுடையது. பதினான்கு வருடமாக அதே நாற்காலி. கடையில் எல்லோரும் என்னைக் காலண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜூலையா, மாணிக்கம், தைரியம். பிப்ரவரியா, செவ்வந்திக்கல், குடிகாரனுக்குக்கூட புத்தி தெளியும். ஜூனுக்கு முத்து, அக்டோபருக்கு ஓபல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதையெல்லாம் நான் நம்புகிறேனா என்று கேட்டால், துளிகூடக் கிடையாது. நான் பிறந்தது செப்டம்பரில். செப்டம்பருக்கு நீலக்கல், நீலக்கல்லுக்கு நிதானம். நிதானம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள் நான்.

தங்கச்சி எனக்கு நேர்மாறு. மருந்துக் கிடங்கில் காலாவதித் தேதி பார்க்கிற வேலை அவளுக்கு. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் தேதியை நம்பமாட்டாள், உள்ளே இருக்கும் மாத்திரைப் பட்டையைப் பிரித்துப் பார்ப்பாள். பிறவிக் குணம் இல்லை இது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருவனோடு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நாலு நாள் இருக்கும்போது அவனுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருப்பது தெரியவந்தது. என் வீட்டுப் பின்னறையில் இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அதற்குப் பிறகு எவன் வாயைத் திறந்தாலும், முதலில் அதில் பொய் எங்கே என்றுதான் தேடுவாள்.

அவளுக்குப் புதன்கிழமை விடுமுறை. மதியம் கடைக்கு வந்து என்னோடு சாப்பிடுவாள். அந்தச் சமயத்தில் எங்கள் கடை லிஃப்ட் வேறு புதன்கிழமை தவறாமல் மக்கர் செய்தது. ரிப்பேர் பார்க்க வருகிறவர் நாற்பது வயது மனுஷர், வாயில் விரலை வைத்தாலும் கடிக்காதவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டாராம், அம்மாவும் இல்லையாம். லிஃப்ட் சரியாகும்வரை கீழே காத்து நிற்கிற தங்கச்சிக்கும் அவருக்கும் பேச்சு ஏற்பட்டது. நான்தான் நடுவில் புகுந்து பேச்சைக் கல்யாணம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். அவரை வீட்டில் நாங்கள் லிஃப்ட்காரர் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

மே மாதம் தங்கச்சியின் பிறந்தநாளுக்கு மோதிரம் எடுக்க இரண்டு பேரும் என் மேஜைக்கு வந்தார்கள். லிஃப்ட்காரர் மரகதத்தைத் தேர்ந்தெடுத்துப் பணத்தையும் கட்டிவிட்டார். தங்கச்சி மட்டும் கையை நீட்டாமல் நின்றாள். பழைய பயம். எனக்குப் பொறுமை போய்விட்டது. வாயில் வந்ததை எடுத்துவிட்டேன்.

"இங்க பாரு, மரகதத்துக்கு ஒரு குணம் இருக்கு. கொடுத்தவங்க மனசுல பொய் இருந்தா அது விரிசல் விட்டுரும். அந்தக் காலத்து ராணிங்க எல்லாம் இப்படித்தான் ஆளைச் சோதிப்பாங்க. ஆறு மாசம் போட்டுப் பாரு. கல்லு சும்மா இருந்தா ஆளும் சுத்தம்."

மரகதத்தைப் பற்றி இப்படி ஒரு பேச்சு ரொம்பக் காலமாகவே உண்டு. ராணிகள் மட்டும் என் கைச்சரக்கு. லிஃப்ட்காரரின் முகம் ஏனோ லேசாக வெளுத்தது. அவள் யோசிப்பதற்குள் அவள் கையைப் பிடித்து இழுத்து, மோதிரத்தை விரலில் போட்டுவிட்டேன். ஆறு மாதம் போனது. கல் சும்மா இருந்தது. தங்கச்சி சரி என்றாள். பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கினார்கள். சாட்சிக் கையெழுத்து போட என் பெயரைக் கொடுத்திருந்தாள்.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகிற வழியில் மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "அழுக்கு ஏறியிருக்கு, கழுவி வையி. புதன்கிழமை வந்து வாங்கிக்கிறேன்" என்றாள்.

நகை கழுவுகிற மெஷின் பின்னறையில் இருக்கிறது. சின்ன எவர்சில்வர் தொட்டி. தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத அதிர்வு கொடுத்து அழுக்கை உதிர்க்கும். வைரத்துக்கு அது சரி. மரகதத்துக்கு எமன். மரகதம் பூமிக்குள்ளிருந்து வரும்போதே உள்ளே மெல்லிய விரிசல்களோடுதான் வரும், அதை எண்ணெயில் ஊறவைத்து மறைத்திருப்பார்கள். அதிர்வில் எண்ணெய் வெளியேறும், விரிசல் வாயைப் பிளக்கும். 'முத்து, ஓபல், மரகதம் போடக் கூடாது' என்று மெஷினுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எழுதி ஒட்டியதே நான்தான்.

அப்புறம் எப்படிப் போட்டாய் என்று கேட்பீர்கள். நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டேன். கடைக் கல்லாக இருந்திருந்தால் என் கை தானாக அதை ஒதுக்கி வைத்திருக்கும். ஆனால் என் மனசில் அது மரகதமாகவே இல்லை. அது தங்கச்சி மோதிரம். ஆறு வைர மோதிரங்களோடு ஏழாவதாக அதையும் கொட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். வெளியே வேறு அந்த நவம்பர்காரி இருமி இருமிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எடுத்துப் பார்த்தபோது கல்லின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வெள்ளையாக ஒரு கோடு.

கல் பதிக்கிறவரிடம் ஓடினேன். பின்னறை மூலையில் விளக்குக்குக் கீழே குனிந்தே உட்கார்ந்திருப்பார். யாரைப் பார்த்தாலும் சிடுசிடுப்பு. லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"மெஷின்ல போட்டியா காலண்டரு? மரகதத்தையா?"

"ஏதாச்சும் பண்ணுங்களேன். எண்ணெய் போட்டா மறையாதா?"

"விரிசல் மேல வரைக்கும் வந்துருச்சு. நீ ஊத்துற எண்ணெய் ஒரு வாரம்கூட நிக்காது. தங்கச்சிதானே, போட்டு உடைச்சுட்டேன்னு சொல்லிட்டுப் போயேன். உன்னைத் தூக்கிலயா போடப் போறா?"

அவருக்கு என்ன தெரியும். அந்தக் கல்லில்தான் அந்தக் கல்யாணமே நிற்கிறது, அதை நிற்கவைத்ததே நான்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. கடைப் பெட்டிகளை எல்லாம் கிளறினேன். அதே அளவில், அதே பச்சையில் இன்னொரு கல் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மற்ற கடைகளிலும் ஏறி இறங்கினேன். ஒன்று பெரிதாக இருந்தது, ஒன்று வெளிறிப்போய் இருந்தது. தங்கச்சியின் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. வீட்டுக்குப் போனால் உட்கார முடியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதை நின்றுகொண்டே வேடிக்கை பார்த்தேன்.

புதன்கிழமை அவள் வந்ததும் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்திருந்தேன். சத்தியமாகத்தான் சொல்கிறேன். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட யோசித்துவைத்திருந்தேன். ஆனால் அவள் பத்து நிமிடம் முன்னதாக வந்துவிட்டாள். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள், பக்கத்து மேஜைப் பெண் என் இழுப்பறையிலிருந்து மோதிரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். நான் வந்து பார்க்கும்போது தங்கச்சி என் விளக்குக்குக் கீழே கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், இரண்டு அடி தள்ளி, மேனேஜர்.

"அக்கா, இது எப்ப வந்துச்சு?"

சொந்த நகையைக் கடை மெஷினில் போடக் கூடாது என்பது விதி. மரகதத்தைப் போடக் கூடாது என்பது சட்டம். இரண்டையும் மீறியதை மேனேஜர் காதுபட எப்படிச் சொல்வது. என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

"தெரியலையே. நீ கொடுக்கும்போதே இருந்துச்சு போல. நான் கழுவத்தான் செஞ்சேன்."

"நல்லாத் தெரியுமா?"

"என்னைப் போய்க் கேக்குறியே. பதினாலு வருஷமா கல்லு பார்க்குறேன்."

அவள் என் கண்ணை நேராகப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டு, சாப்பிடாமலே படியிறங்கிப் போனாள். அன்றைக்கு லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியும். லிஃப்ட்காரரிடம் நேராகப் போய் என்ன பொய் சொன்னாய் என்று கேட்கப்போகிறாள். அந்த மனுஷன் திருதிருவென்று விழிப்பார், அதையே இவள் குற்றமாக எடுத்துக்கொள்வாள், கல்யாணம் நின்றுபோகும். மேனேஜர் நகர்ந்ததும் ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். அன்று மாலைவரை ஜனவரிக்கு ஓபலும் அக்டோபருக்கு முத்துமாக மாற்றி மாற்றி எடுத்துவைத்தேன். "காலண்டருக்கு மாசமே மறந்துபோச்சா?" என்று பக்கத்து மேஜைப் பெண் சிரித்தாள். அவளை அறைந்தால் தேவலை போல இருந்தது.

வியாழக்கிழமை கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு, லிஃப்ட்காரர் வேலை செய்கிற கட்டடத்துக்கே போய்விட்டேன். ஒன்பது மாடி. தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடக்க, கீழே குழியில் அவர் தலை தெரிந்தது. என்னைக் கண்டதும் கைக்கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே ஏறி வந்தார்.

"நேத்து அவ வந்தாளா தம்பி?"

"வந்தாங்க அக்கா. மோதிரத்தைக் காட்டுனாங்க. நான் சொல்லிட்டேன்."

"என்னத்தச் சொன்னீங்க?"

அவர் துணியைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"உங்க கடை லிஃப்ட் ஒரு தடவைதான் கெட்டுச்சு. மத்த புதன்கிழமை எல்லாம் நானே நிறுத்தி வச்சேன். அவங்க வருவாங்கன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பதற்றம் என்று நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அவர் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. எங்க அம்மா இல்லைன்னு சொல்லியிருந்தேன்ல. இருக்காங்க. முதியோர் இல்லத்துல. யாரையும் அடையாளம் தெரியாது. ஓவர்டைம்னு சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை அங்கதான் போவேன். முன்னாடி ரெண்டு இடத்துல அம்மாவைப் பத்திச் சொன்னதும் வேண்டாம்னுட்டாங்க. அதான் இந்தத் தடவை…" நிறுத்திக்கொண்டார். "பெத்தவங்களைச் செத்துட்டாங்கன்னு சொன்னேன் பாருங்க. ஆறு மாசமா அந்தக் கல்லைப் பார்க்குறப்ப எல்லாம் எனக்குக் குலைநடுக்கம். விரிஞ்சதும் ஒருவிதத்துல நிம்மதியாயிடுச்சு."

"அவ என்ன சொன்னா?"

"இல்லத்தோட விலாசத்தைக் கேட்டாங்க. எழுதிக் கொடுத்தேன். மோதிரத்தைக் கழட்டாமப் போயிட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியல. கல்யாணம் உண்டா இல்லையான்னு கேட்க எனக்கு வாய் வரல."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பொய்யால் எந்தக் கல்லும் விரியவில்லை தம்பி, நான்தான் மெஷினில் போட்டேன் என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவர் அவ்வளவு நம்பிக்கையோடு கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இப்போது சொன்னால், ஒன்றுமில்லாத ஒரு காரணத்துக்காகத் தன் கல்யாணத்தைத் தானே கெடுத்துக்கொண்டதாக ஆகிவிடாதா. இப்படி எனக்கு நானே ஒரு சாக்கைத் தேடிப் பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மூன்று நிறுத்தம் தாண்டி இறங்கி, அங்கிருந்து நடந்தே வந்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, அலமாரியை மூன்றாவது முறையாக அடுக்கிக்கொண்டிருந்தபோது, பாதியில் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். தங்கச்சி வீடு பூட்டியிருந்தது. லிஃப்ட்காரரிடம் ஃபோனில் விலாசம் கேட்டு, முதியோர் இல்லத்துக்கே போனேன்.

நீளமான கூடம். இரண்டு பக்கமும் கட்டில்கள். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் மெலிந்த ஒரு அம்மாள், மடியில் ஒரு துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பின்னால் நின்று அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள் என் தங்கச்சி. அவள் விரலில் அந்த மோதிரம் இருந்தது.

"சாப்பிட்டியா?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார்.

"ஆச்சும்மா" என்றேன். சாப்பிடவில்லை. பொய் எப்படித்தான் இவ்வளவு சுலபமாக வருகிறதோ எனக்கு.

"அவரு எங்க?" என்று தங்கச்சியைக் கேட்டேன்.

"மருந்து வாங்கப் போயிருக்காரு. நீ என்ன இங்க?"

முன்னுரை எல்லாம் மறந்துவிட்டது. "கல்லு தானா விரியல. திங்கட்கிழமை நான் மெஷின்ல போட்டுட்டேன். தெரியாமத்தான் போட்டேன். ஆனா நீ கேட்டப்ப தெரிஞ்சே பொய் சொன்னேன். அவரு மேல பழி விழட்டும்னு இல்லை, பக்கத்துல மேனேஜர் நின்னாரு, வேலை போயிடும்னு பயம்."

சீப்பு பாதித் தலைமுடியில் நின்றது. பிறகு மெதுவாகக் கடைசிவரை இறங்கியது. சிக்கை எடுத்துச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

"கல்யாணம் வேண்டாம்னுதான் புதன்கிழமை இருந்தேன்" என்றாள். "அம்மாவையே மறைச்சவன் நாளைக்கு எதை மறைக்கமாட்டான்னு இருந்துச்சு. வெள்ளிக்கிழமை இவங்களைப் பார்க்க வந்தேன். பார்க்க வர்றவங்க பேர் எழுதுற நோட்டுல மூணு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமை விடாம அவரு கையெழுத்து இருக்கு. ஒவ்வொரு தேதியாப் பார்த்தேன். கல்யாணம் நடக்கும்."

அப்பாடா என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா.

"அப்ப ஒண்ணும் கெட்டுப்போகலல்ல" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"கெட்டுப்போகலையா? என்ன பொய்யின்னு கேட்டேன், ரெண்டு நிமிஷத்துல எல்லாத்தையும் கொட்டிட்டாரு. உனக்கு நாலு நாள் ஆச்சு. பத்தொன்பது தடவை ஃபோன் பண்ணியிருக்கே. எடுக்கலைன்னா என்ன, நான்தான் உடைச்சேன்னு ஒரு வரி எழுதி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?"

"பயந்துட்டேன்டி."

"அவன் ஏமாத்திட்டுப் போனப்ப யார் வீட்டுல வந்து கிடந்தேன் அக்கா? இந்த உலகத்துல யார் சொல்றதையும் நான் பிரிச்சுப் பார்ப்பேன். உன்னை மட்டும் பார்த்ததில்லை. புதன்கிழமைகூட உன் மூஞ்சியைப் பார்த்து நம்பிட்டுத்தான் அவரைக் கேட்கப் போனேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தன் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கொடுத்தவங்க மனசுல பொய் இருந்தா விரிசல் விடும்னு சொன்னே. பணம் கட்டினது அவரு. என் கையைப் பிடிச்சு இழுத்து விரல்ல போட்டுவிட்டது யாரு?"

அந்த அம்மாள் துண்டை மடித்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சாப்பிட்டியா?"

"இல்லம்மா" என்றேன். அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மேனேஜரிடம் சொன்னேன். அரை மணி நேரம் கத்தினார். மெஷின் இருக்கும் அறையின் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். வேலை போகவில்லை. இதற்குப் பயந்தா என்று நினைத்தபோது எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. எண்ணெய் போட்டுத் தரட்டுமா என்று கல் பதிக்கிறவர் தானாகவே தங்கச்சிக்குச் சொல்லியனுப்பினார். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றுவிட்டாள். அந்த வாரம் ஒரு பெண் வந்து மரகதத்துக்கு என்ன பலன் என்று கேட்டாள். "பச்சையா இருக்கும். கீழே போடக் கூடாது, மெஷின்ல போடக் கூடாது. அவ்வளவுதான்" என்றேன். அவள் மாணிக்கம் வாங்கிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். புதுப் பேனா ஒன்று வாங்கி, வீட்டிலேயே கிறுக்கிப் பார்த்துக் கைப்பையில் வைத்திருந்தேன். லிஃப்ட்காரர் அம்மாவை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்தார். பழுப்பேறிய சுவர், இரும்பு மேஜை, அதன்மேல் பெரிய பதிவேடு. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"பொண்ணு பக்கம் சாட்சி யாரு?"

நான் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தேன். தங்கச்சி என்னைத் தாண்டிக் கதவுப் பக்கம் பார்த்தாள். மருந்துக் கிடங்கில் அவளோடு வேலை செய்கிற பெண் நின்றிருந்தாள். அவளைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீ அம்மா பக்கத்துல நில்லு" என்றாள் என்னிடம். கோபமாகச் சொல்லவில்லை.

பேனாவை மூடிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்தப் பெண் குனிந்து கையெழுத்துப் போட, தாள் நழுவாமல் தங்கச்சி தன் கையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். நான் நின்ற இடத்திலிருந்து அந்த வெள்ளைக் கோடு நன்றாகத் தெரிந்தது.